பெரிய பங்களாவின் வெந்நீர்க் குழாய்

பங்களாவின் முகப்பில், விருந்தினர் காரை விட்டு இறங்கும் இடத்தில், கறுப்பும் தங்கமுமாகச் சாயம் பூசிய ஓர் இரும்புப் பீப்பாய் நிற்கிறது. இடுப்பளவு உயரம், வயிறு முன்னால் தள்ளியிருக்கும். அதன் வாயில் சிவப்பு ஜெரேனியம் பூத்துக் கிடக்கிறது. வந்திறங்குகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் என்னையும் சேர்த்து நிறுத்துவார்கள். இருவருக்கும் ஒரே உடல்வாகு என்பதால் படம் நன்றாக அமையும். எனக்குத்தான் தலையில் ஒன்றும் பூப்பதில்லை.

அந்தப் பீப்பாய் என் அக்கா நெருப்புப் போட்ட பொய்லர். அப்போது அது முகப்பில் இல்லை. முகப்பில் நிற்கிற தகுதி அதற்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை. பங்களாவின் முதுகுப் பக்கம், பெரிய குளியலறையின் வெளிச்சுவரை ஒட்டி, ஒரு தகரக் கூரையின் கீழே கரி பிடித்துக் கிடந்தது. கவ்வாத்து வெட்டிக் காயப்போட்ட தேயிலைக் குச்சியை, நாங்கள் மிலாறு என்போம், அடியில் வைத்து எரித்தால் மேலே தண்ணீர் சுடும். சுட்ட தண்ணீர் சுவருக்குள் ஓடும் இரும்புக் குழாய் வழியாகக் குளியலறைக்குள் இறங்கும். எங்கள் மலையில் விடியற்காலைத் தண்ணீரில் கையை வைத்தவர்கள், எடுத்த பிறகு விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ஆகவே பங்களாவில் இருந்த தோட்டத் துரை குளிக்க வேண்டுமானால் துரைக்கு முன்னால் யாராவது எழுந்து குளிரில் நிற்க வேண்டும். சடங்கான மறு வருடத்திலிருந்து அந்த யாரோ என் அக்காதான்.

தண்ணீர் சுட்டதும் துரைசானிக்குத் தெரிவிக்க வேண்டும். அக்காவுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சன்னலுக்கு வெளியே நின்று சத்தம் போட்டுச் சொல்வாராம். விடிந்ததும் வேலைக்காரர் குரல் காதில் விழுவது துரைசானிக்குப் பிடிக்கவில்லை. அதனால் அக்கா ஒரு விறகுக் கட்டையால் குழாயைத் தட்டுவாள். டக் டக், கொஞ்சம் விட்டு, ஒரு டக். சத்தம் சுவருக்குள் ஓடிக் குளியலறையில் கேட்கும். அந்த வீட்டுக்குள் அக்காவின் குரல் போகக்கூடாது, கட்டையின் சத்தம் போகலாம்.

தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்திலும் அவளுக்கு அதே பழக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, தகர வாளியை அகப்பைக் காம்பால் டக் டக், டக் என்று தட்டுவாள். "தொர, எந்திரிச்சு வாங்க, தண்ணி சுட்டுருச்சு." நான் தேயிலைக்குள் ஓடி ஒளிவேன். காதைப் பிடித்து இழுத்து வந்து தலையில் ஊற்றுவாள். "ஒங் கழுத்துல வெதைய போட்டா கோவா மொளைக்கும்டா" என்பாள். முட்டைக்கோசை நாங்கள் கோவா என்போம். துரைசானி காலியான டின்பால் தகரத்தை அக்காவிடம் கொடுப்பதுண்டு. அதில் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொண்டுவந்து எனக்குக் குடிக்கத் தருவாள். குளிப்பதற்குக் கூலி அதுதான். இன்றைக்கு இந்த வயிற்றுக்கு யார் காரணம் என்று டாக்டர் கேட்டால், பங்களாவைத்தான் கை காட்ட வேண்டும்.

அம்மா கொழுந்து எடுக்கிறவள். அக்கா பங்களாவுக்குப் போவதற்கு முன்பே அப்பா தவறிவிட்டார். காலையில் அவள் லயத்து வாசலில் நின்று மலை உச்சியைப் பார்ப்பாள். பங்களாவுக்குப் பின்னால் புகை எழும்பினால், "புள்ள நெருப்பு போட்டுட்டா" என்று கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போவாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். மழையில் விறகு நனைந்து புகை எழும்பத் தாமதமானால் அம்மாவுக்குக் கால் நகராது. அப்படித் தாமதித்ததற்காகப் பெரட்டில் பேச்சு வாங்கிய நாட்களும் உண்டு. மகள் இருக்கிறாள் என்பதைத் தூரத்திலிருந்து ஓர் அடையாளத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது அம்மாவுக்கு அப்போதே பழகிப்போயிருந்தது.

இப்போது அந்தப் பங்களா ஹோட்டல். நான் அங்கே வரலாறு சொல்கிறவன். சாதாரண தரப் பரீட்சையில் நான் கோட்டைவிட்ட இரண்டு பாடங்களில் வரலாறு ஒன்று, மற்றது கணக்கு. கணக்கில் கோட்டைவிட்டதால் ஹட்டனில் நான் போட்ட போட்டோகொப்பிக் கடை மூடிற்று. வரலாற்றில் கோட்டைவிட்டதால் இந்த வேலை கிடைத்தது. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சாரம். கண்ணாடியில் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் வழி தவறிய தவில்காரர் மாதிரி இருப்பேன். தேநீர் வேளையில் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து, இந்த வீடு எப்படி வந்தது என்று சொல்வேன்.

ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் காட்டை வெட்டிக் கோப்பி போட்டார். கோப்பி நோய் வந்து செத்தது, தேயிலை போட்டார். தேயிலை பிழைத்தது, அவர் கல்வீடு கட்டினார். அடுத்து வந்த துரை மாடி எடுத்தார். அதற்கடுத்தவரின் மனைவிக்கு இருமல். அதனால் அறைக்கு அறை கணப்படுப்பு வைத்தார்கள். இன்னொருவர் பியானோ கொண்டுவந்தார். மண்டபத்தில் தொங்கும் பலகையில் இதெல்லாம் அழகாக எழுதியிருக்கிறது. ஆற்றிலிருந்து கருங்கல் வந்தது என்றும் எழுதியிருக்கிறது. கல் தானாகவே படியேறி வந்து சுவரில் உட்கார்ந்துகொண்ட மாதிரி. பங்களா கண்ணில் பட்டதும் எங்கள் ஆட்கள் குடையை மடக்கிவிட வேண்டும், மழை பெய்தாலும். அது அந்தக் காலத்து மரியாதை. இதையும் விருந்தினரிடம் சொல்வேன். "அதனால்தான் எங்களுக்குத் தடிமனும் தும்மலும் பரம்பரைச் சொத்து" என்பேன். சிரிப்பார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள், தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, சிங்களத் துரை ஒருவர் வந்தார். துரைதான் மாறினார், பொய்லர் மாறவில்லை. அக்கா வேலைக்குப் போனது அந்தத் துரையின் காலத்தில்.

அக்காவை அதே தோட்டத்தில்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்திருந்தது, எங்களுக்கு இலங்கை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. இந்தியாவுக்குப் புறப்பட வேண்டிய அன்று காலையிலும் அக்கா பங்களாவுக்குப் போய்ப் பொய்லருக்கு நெருப்புப் போட்டாள். "இன்னைக்குமாடி?" என்று அம்மா கேட்டதற்கு, "நா இந்தியாவுக்கு போறேன்னு தொர குளிக்காம இருப்பாரா?" என்றாள். கரி படிந்த கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. ஹட்டன் ஸ்டேஷனில் அழுத அழுகையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அங்கே எல்லாக் குடும்பமும் அழுதது, எங்களுடையது தனியாகக் கேட்டிருக்காது. ரயில் நகரும்போது அக்கா சன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"இந்தக் காம்பராவ விட்டுட்டு எங்கயும் போயிராதம்மா. திரும்பி வந்தா எனக்கு இந்த எடம்தான் தெரியும்."

கோத்தகிரிப் பக்கமிருந்து சில கடிதங்கள் வந்தன, அத்தான் எழுதியவை. பிறகு நாட்டில் சண்டை வந்தது. கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. சண்டை முடிந்த பிறகு, அந்தப் பக்கம் போன ஒருவரைத் தேடிப் பார்க்கச் சொன்னோம்; கடிதத்தில் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகச் சொன்னார். கைத்தொலைபேசி வந்ததும் நான் முகநூலில் தேடினேன். அக்காவின் பெயரில் இருந்த பெண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். பாதிப் பேர் என்னைத் தடுத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் "வணக்கம் அண்ணா" என்று பதில் போட்டாள். ஆயுள் காப்புறுதி எடுத்திருக்கிறேனா என்று விசாரித்தாள்.

அம்மா காம்பராவை விட்டுப் போகவில்லை. மற்றவர்கள் டவுனுக்குப் போனார்கள், கொழும்புக்குப் போனார்கள், அம்மா அதே எட்டுக்குப் பத்து அறையில் இருந்தாள். லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. சில வருடங்களாக மழைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. பின்சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று சுவரில் சிவப்பில் குறி போட்டார்கள். தோட்டத்தின் மேல் டிவிசனில், கோயிலுக்கு மேலே, எங்களுக்கு ஒரு தனி வீடு கிடைத்தது, சாவியையும் கொடுத்துவிட்டார்கள். கதவுக்கு நானே நீலப் பெயின்ட் அடித்தேன். என் மனைவியும் பிள்ளைகளும் அங்கே போனார்கள். அம்மா அசையவில்லை.

"நீங்க போங்கடா. நா இருக்கேன்."

"மண்ணு வந்தா என்னம்மா பண்ணுவே?"

"மண்ணு வரும்னு இவனுக எத்தன வருசமா சொல்றானுக. அவ வருவான்னு நா சொல்றேன். ரெண்டுல எது மொதல்ல வருதுன்னு பாப்போம்."

அவளைத் தனியே விட முடியாமல் நானும் லயத்திலேயே இருந்துகொண்டேன். பெருமழை பெய்யும்போது லயத்து ஆட்கள் கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசல் பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். நான் அவளுக்கு ஹோட்டல் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். பின்சுவரில் சலசலவென்று மண் உதிரும். என் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன். நான் நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அதில் பாதி அந்தச் சுவரால் வந்தது.

இந்த நிலைமையில்தான் பங்களாவில் ஆவி வந்தது.

ஹோட்டலில் எரிவாயுவில் தண்ணீர் சுடுகிறது. ஆனால் பழைய சுவரை உடைக்க மனமில்லாமல், உள்ளே இருந்த இரும்புக் குழாயை அப்படியே விட்டு அதிலேயே புது இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் பக்கத்து அறையில் யாராவது சுடுதண்ணீரைத் திறந்தால், பெரிய குளியலறைச் சுவருக்குள் டக், டக் என்று கேட்கும். குழாய் பொருத்துகிற பாஸ், அதாவது மேஸ்திரி, வந்து காது வைத்துப் பார்த்துவிட்டு, "குளுந்து கெடக்குற பைப்புல திடீர்னு சுடுதண்ணி போனா அது நீளும் மாத்தயா. நீண்டு கல்லுல போய் இடிக்குது, அவ்வளவுதான்" என்றார். பெரிய அறையில் தங்கியவர்கள் முறைப்பாடு செய்தார்கள். மெனேஜர் கொழும்புப் பொடியன், நல்லவன், எதையும் வியாபாரமாக்கத் தெரிந்தவன்.

"அங்கிள், சுவர ஒடைக்கிறதுக்கு மேலிடத்துல ஓம் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு ஆவி போடுவமா?" என்றான், பிளேன்டீ போடுவமா என்று கேட்பதைப் போல.

வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி என்று முடிவாயிற்று. வேட்டைக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவள் குளித்து உடுத்திக் காத்திருக்க வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் சுடுதண்ணீர் கேட்டுக் குழாயைத் தட்டுகிறாள். மெனேஜர் எலும்பைக் கொடுத்தான், சதையை நான் வைத்தேன். நீல கவுன், ஈரக் கூந்தல், லவெண்டர் வாசம். முறைப்பாடு செய்தவர்கள் அதே அறைக்கு இன்னும் ஒரு நாள் கேட்டார்கள்.

ஹோட்டல் துணி துவைக்கும் பெண் எங்கள் லயத்தில் இருந்தாள். அவள் மூலமாக விஷயம் அம்மாவிடம் வந்தது. ஒரு பின்னேரம் நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பங்களாவுல பேயி பைப்ப தட்டுதாமே."

"அது ஒரு வெள்ளக்காரச்சிம்மா. ஒன்னைய ஒன்னும் செய்யாது. அதுக்கு தமிழ் தெரியாது."

"வெள்ளக்காரச்சி எதுக்குடா தட்டுறா?"

"சுடுதண்ணி கேட்டுத்தான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கூறுகெட்டவனே. சுடுதண்ணி கேக்குறவ எதுக்கு தட்டுறா, வாயத் தொறந்தா பத்து பேரு ஓடுவான். சுடுதண்ணி போட்டவதான்டா தட்டுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நியாயமான பேச்சு. நானும் மெனேஜரும் யோசித்துக் கட்டிய ஆவியை ஒரு வார்த்தையில் உடைத்துப் போட்டுவிட்டாள். இதை நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அடுத்ததைக் கேட்டாள்.

"விடியக்காலையிலயா?"

"ஆமா."

"பெரிய குளிக்கிற ரூமுலயா?"

"ஆமாம்மா."

ஒரு பல் உள்ளியை முழுதாக உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "அப்ப அவ செத்துட்டா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பாஸ் சொன்னது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. குழாய் நீள்கிறது, கல்லில் இடிக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அக்கா அந்த நிமிடமே திரும்ப உயிரோடு இருந்திருப்பாள். அம்மா அழவில்லை. உரித்த தோலை எல்லாம் முந்தானையில் கூட்டி எடுத்து வெளியே உதறினாள். வந்து உட்கார்ந்தாள். "அந்தப் புது வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள்.

அன்றைக்கும் மேற்கில் கருத்திருந்தது. பின்சுவரின் வெடிப்பு எனக்கு நேராகத் தெரிந்தது. "கெழக்குப் பக்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அவ தட்டுறத ஒருக்கா காதால கேட்டுட்டா போயிரலாம்" என்றாள் அம்மா.

அடுத்த வாரமே சுவரை உடைப்பதென்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆவியைப் பிடிக்காத விருந்தினர் ஒருவர், தூக்கம் போயிற்று என்று இணையத்தில் எழுதியிருந்தார். நான் மெனேஜரிடம் போய் நின்றேன். அம்மாவை ஒரு காலை பெரிய அறைக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன்.

"அங்கிள், அந்த ஆவிய நாமதானே போட்டோம்" என்றான்.

"ஆமா தம்பி. அது அம்மாவுக்கு தெரியாது."

அவன் மேசையில் இருந்த பேனையை எடுத்தான், வைத்தான். அவனுக்கும் கொழும்பில் ஓர் அம்மா இருக்க வேண்டும். "வெள்ளிக்கெழம கெஸ்ட் இல்ல. கூட்டிட்டு வாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் தூறல். ஆட்டோவில் முகப்பு வரைக்கும் போய் இறங்கலாம் என்று நினைத்திருந்தேன். பங்களா தெரிகிற வளைவில் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்கு நடந்தாள்.

"முன்னால போலாம்மா. இப்ப யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க."

"முன்னால எனக்கு என்னடா வேல."

ஆயுள் முழுக்க அந்த வீட்டைச் சுற்றிக் கொழுந்தெடுத்தவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே நுழைந்தாள். செருப்பைச் சமையல் குசினி வாசலில் கழற்றினாள். மெனேஜர் "வாங்கம்மா" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டான். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். பெரிய குளியலறையில் வெள்ளைத் தொட்டி, வெள்ளைச் சுவர், தொட்டி விளிம்பில் பறவை உருவத்தில் மடித்து வைத்த துவாய்கள்.

"என்னாடா இது, துண்ட கொக்கு மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க."

"அது அன்னம்மா."

"தொடைக்கிறதுக்கா, கும்புடுறதுக்கா?"

மெனேஜர் சிரித்துவிட்டு வெளியே போனான். அம்மா வெளிச்சுவரை ஒட்டி, தரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள். அந்தச் சுவருக்கு அப்பால்தான் பொய்லர் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஒரு கையைச் சுவரில் வைத்தாள்.

விருந்தினர் இல்லாத நாள், சுடுதண்ணீர் திறக்க ஆள் இல்லை. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பக்கத்து அறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் முதலில் பழுப்பாக வந்தது, பிறகு தெளிந்தது, பிறகு ஆவி எழுந்தது. சுவருக்குள் சத்தம் தொடங்கியது. டக். நீண்ட இடைவெளி. டக். டக். மறுபடி இடைவெளி. ஒழுங்கே இல்லாத தட்டு. அக்காவின் தட்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். கண்டுபிடித்துவிட மாட்டாளா என்றும் ஏங்கினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் தண்ணீர் தெறிக்க நின்றிருந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா காதைச் சுவரில் வைத்திருந்தாள்.

"கை ஓஞ்சு போச்சு போல அவளுக்கு" என்றாள். "முன்ன மாதிரி அடி விழல."

என்னிடம் எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும், அன்றைக்கு இருக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துப் பேசினாள். அடுத்த அறையில் இருக்கிற பிள்ளையிடம் பேசுகிற சாதாரணக் குரல்.

"போதும்டி. எல்லாரும் குளிச்சாச்சு. நெருப்ப அணச்சுட்டு நீ போ."

நான் மெல்ல நடந்து போய்ப் பக்கத்து அறைக் குழாயை மூடினேன். சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, இடைவெளி கூடிக் கூடி, ஓய்ந்தது. அம்மாவின் பேச்சைக் கேட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த அமாவாசையில் ஆற்றோரம் கருமாதி வைத்தோம். கோயில் பூசாரி இறந்த நாளைக் கேட்டார், தெரியாது என்றோம். புருசன் இருக்கிறாரா என்று கேட்டார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. அத்தான் உயிரோடு இருந்தால் அக்கா சுமங்கலியாகப் போனவள், பூவும் பொட்டும் வண்ணச் சேலையும் வைத்துப் படைக்க வேண்டும். அவர் முந்திப் போயிருந்தால் அதெல்லாம் வைக்கக்கூடாது. பூசாரி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். நான் வரலாறு சொல்கிறவன். சொந்த அக்காவின் வரலாற்றில் எனக்கு இது தெரியாது. அம்மா பையிலிருந்து ஒரு சிவப்புச் சேலையையும் கண்ணாடி வளையலையும் எடுத்து வைத்தாள்.

"நா அனுப்புறப்ப பொட்டோடதான் அனுப்புனேன் சாமி. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் அவ பொட்டோடதான் இருக்கா" என்றாள். இலையில் ரொட்டியும் சம்பலும் வைத்தோம். நான் ஒரு டின்பால் வாங்கி வந்து, மூடியைத் திறந்து, நிறைந்த தகரமாகவே வைத்தேன்.

அதே வாரம் அம்மா புது வீட்டுக்கு வந்தாள். குத்துவிளக்கையும் ஆட்டுக்கல்லையும் எடுத்துக்கொண்டு, காம்பராக் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அவள் நன்றாகத் தூங்குகிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் கை வேலையை நிறுத்துவாள், இப்போது நிறுத்துவதில்லை. பங்களாவில் சுவரை உடைத்துப் பழைய குழாயை எடுத்துவிட்டார்கள். வேறு ஆவி ஏதும் இருக்கிறதா என்று மெனேஜர் கேட்டான். "ஸ்டொக் முடிஞ்சுருச்சு தம்பி" என்றேன்.

அம்மா இறக்கி வைத்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு அக்கா செத்துவிட்டாள். குழாயைத் திறந்தது யார் என்று தெரிந்த எனக்கு அவள் எப்படிச் சாவாள்? இருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பாள். இந்தியாவிலிருந்து வரும் விருந்தினரில் அந்த வயதுப் பெண்கள் இருந்தால், "எந்த ஊருங்கம்மா?" என்று கேட்டுவிடுகிறேன். மதுரை என்பார்கள், கோயம்புத்தூர் என்பார்கள். உபசாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் ஹட்டனில் பஸ் இறங்கி, கேட்டுக் கேட்டு, அவள் தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போய் நின்றால்? லயத்தில் இப்போது யாரும் இல்லை. கூரைத் தகரத்தைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு பழைய லயத்துக்கு இறங்கினேன். எங்கள் காம்பராக் கதவு மட்டும் இன்னும் நின்றிருந்தது. "நாங்க மேல் டிவிசனுக்கு போயிட்டோம். கோயிலுக்கு மேல மூணாவது வீடு. நீலக் கதவு" என்று அதில் எழுதினேன். அக்கா இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, சொல்லுக்குச் சொல் நிறைய இடம் விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் இருந்தாள்.

"கையில என்னாடா நீலம்?"

"கதவுக்கு பெயின்ட் அடிச்சேம்மா."

அம்மா திரும்பி எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தாள். அது காய்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எந்தக் கதவுக்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் மண்ணெண்ணெயில் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்து மடியில் வைத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.